ஒடிந்த பிரேக் நிப்பிள்: எடுப்பதா, துளைப்பதா, பாகத்தையே மாற்றுவதா?

மழைக்காலம் முடிந்து தை பிறந்ததும் கடலூர்ப் பக்கத்து ஜீப்காரர்களிடமிருந்து எனக்கு வரும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான். "அண்ணா, ஏர் எடுக்கலாம்னு நிப்பிளைத் திருகினேன், கையோட வந்துடுச்சு. மெக்கானிக் டிரில் போடலாங்கிறார். கடைக்காரர் காலிப்பரையே மாத்துங்கிறார். யார் சொல்றதைக் கேக்குறது?" நிப்பிள் என்பது பிரேக் ஆயிலில் சிக்கிய காற்றை வெளியேற்ற, அதாவது ஏர் எடுக்க, திறந்து மூடும் நடுவில் துளையுள்ள சின்னத் திருகு. இந்த வருடம் மட்டும் மூன்று பேர். ஒருவருக்கு முன்பக்கக் காலிப்பர் (டிஸ்க் பிரேக்கில் பேடுகளை அழுத்தும் பாகம்), இருவருக்குப் பின்பக்க வீல் சிலிண்டர் (டிரம் பிரேக்கில் அதே வேலையைச் செய்யும் பாகம்). மூவருக்கும் நான் ஒரே பதிலைச் சொல்லவில்லை. எதை வைத்து அப்படிப் பிரித்தேன் என்பதை இங்கே விரிவாக எழுதுகிறேன்.

நம் ஊரில் இது அடிக்கடி நடப்பதில் வியப்பில்லை. தேவனாம்பட்டினத்தில் ஜன்னல் கம்பியே சீக்கிரம் பொரிந்துபோகிறது; வாசலில் நிற்கும் வண்டியின் அடிப்பாகம் எப்படித் தப்பும்? மரக்காணம் உப்பளப் பாதை, பிச்சாவரம் பக்கத்துச் சேறு என்று போய் வருகிற வண்டிகளுக்கு இன்னும் மோசம். 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயலுக்குப் பின் தென்பெண்ணை கரை மீறியபோது, அச்சு மூழ்கும் தண்ணீரில் பால் பாக்கெட்டும் தண்ணீர்க் கேனும் ஏற்றிப் போய் வந்த ஜீப்புகளை நானே பார்த்தேன். அவற்றில் எத்தனை வண்டிகளில் நிப்பிளின் தலையில் ரப்பர் மூடி இருந்திருக்கும்? மூடி இல்லாத நிப்பிளின் துளையில் சேறும் உப்பும் இறுகும். திருகு மரையில் துரு ஏறும். நடுவில் துளை இருப்பதால் நிப்பிளின் சுவர் ஏற்கெனவே மெல்லியது. நன்றாக இறுகிய மரைக்கும் நீளமான ஸ்பானருக்கும் நடுவில் அது மாட்டிக்கொண்டால் ஒடியத்தான் செய்யும்.

## முதலில் ஒன்றைப் பாருங்கள்: கசிகிறதா?

நிப்பிள் ஒடிந்ததும் பதறுகிறோம். ஆனால் அது திரும்பாமலேயே ஒடிந்திருந்தால் உள்ளே மிச்சமிருக்கும் துண்டு இன்னும் இறுக்கமாக மூடித்தான் இருக்கிறது. ஒருவரை உட்காரவைத்துப் பெடலை நன்றாக மிதித்து ஒரு நிமிடம் பிடிக்கச் சொல்லுங்கள். ஒடிந்த இடத்தைத் துணியால் துடைத்துவிட்டு டார்ச் அடித்துப் பாருங்கள். ஒரு சொட்டுகூட வரவில்லை, பெடலும் கீழே இறங்கவில்லை என்றால் உங்களுக்கு அவகாசம் இருக்கிறது. பட்டறை வரை மெதுவாக ஓட்டிப் போகலாம், பாகம் வரும்வரை இரண்டு நாள் யோசிக்கலாம்.

துளி ஈரம் தெரிந்தாலும் வண்டியை நகர்த்தாதீர்கள். அப்புறம் பேசுவதெல்லாம் வண்டி நின்ற இடத்தில் செய்ய வேண்டிய வேலை, இல்லையென்றால் ஏற்றிக்கொண்டு போக வேண்டிய வேலை.

## எதை வைத்து எடைபோடுவது

எல்லா வழிகளையும் ஒரே தராசில் நிறுத்த, நிப்பிள் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் போதும். பலரும் மரைதான் ஆயிலைத் தடுக்கிறது என்று நினைக்கிறார்கள். அதனால்தான் ஒழுகும் நிப்பிளுக்கு டெஃப்ளான் டேப் சுற்றுகிறார்கள். மரை வெறும் பிடிமானம். நிப்பிளின் முனை கூம்பு வடிவில் இருக்கும். அந்தக் கூம்பு காலிப்பருக்குள் இருக்கும் சரிவான விளிம்பில் உட்கார்ந்துதான் ஆயிலை அடைக்கிறது. பட்டறையில் அந்த விளிம்பைச் சீட் என்பார்கள். டயரில் இருப்பது சுமார் 30 பிஎஸ்ஐ அழுத்தம். பள்ளத்தில் இறங்கும்போது பிரேக்கை ஓங்கி மிதித்தால் பிரேக் லைனில் ஏறுவது 1,000 பிஎஸ்ஐக்கும் மேல். அதைத் தாங்குவது அந்த மெல்லிய வளையம்தான்.

ஆகவே என் முதல் அளவுகோல் சீட் தப்புமா என்பதுதான். மற்றவை இதற்குப் பின்னால்தான் வரும்: வேலையை வண்டியில் வைத்தே செய்யலாமா, கழற்ற வேண்டுமா? வெளியில் சொல்லாத செலவு என்ன? அடுத்த முறை ஏர் எடுக்கும்போது நிப்பிள் ஒழுங்காகத் திறக்குமா? தோற்றால் அடுத்த வழிக்கு இடம் மிச்சமிருக்குமா? இந்தக் கடைசிக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. ஒரு வழி தோற்கும்போது அடுத்த இரண்டு வழிகளையும் சேர்த்துக் கெடுத்துவிடும் என்றால் அதை முதலில் தொடக்கூடாது.

## வழி 1: அப்படியே விட்டுவிட்டு வேறு இடத்தில் ஏர் எடுப்பது

கசியாத நிப்பிளை அப்படியே விட்டு, ஹோஸ் காலிப்பரில் சேரும் பாஞ்சோ போல்ட்டைத் தளர்த்தி அங்கிருந்து ஏர் எடுக்கலாம். வீல் சிலிண்டர் என்றால் பைப் நட்டைத் தளர்த்தி எடுக்கலாம். ஆயில் வரும், காற்றும் ஓரளவு வரும்.

சிக்கல் என்னவென்றால் நிப்பிள் காலிப்பரின் உச்சியில் இருப்பதற்குக் காரணம் இருக்கிறது. காற்று மேலே ஏறும். பாஞ்சோ போல்ட் அதற்குக் கீழே இருப்பதால் உச்சியில் ஒரு குமிழி தங்கிவிடும். காலிப்பரைக் கழற்றி, பேடுகளுக்கு நடுவில் ஒரு மரக்கட்டையை வைத்து, பாஞ்சோ மேலே வரும்படி திருப்பிப் பிடித்து எடுத்தால் பெருமளவு வந்துவிடும். வீல் சிலிண்டரில் அந்த வசதியும் இல்லை. பாஞ்சோவைத் திறந்து மூடும் ஒவ்வொரு முறையும் இரண்டு செப்பு வாஷர்களை மாற்ற வேண்டும். பழையதையே போட்டால் அங்கே கசிவு ஆரம்பிக்கும்.

மலையில் நடுவழியில் மாட்டிக்கொண்டால் கீழே இறங்கி வர இது உதவும். கல்வராயன் மலையிலிருந்து ஒரு வண்டியை இப்படித்தான் முதல் கியரில் இறக்கினோம். ஊர் வந்த பிறகும் அதே நிலையில் மாதக்கணக்கில் ஓட்டுவது தவறு. அந்தச் சக்கரத்தில் இருக்கும் பழைய ஆயில் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். டாட் 3 என்ற தரத்துப் பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறிய பிறகு அந்த எல்லை 140 வரை இறங்கலாம். நீண்ட இறக்கத்தில் பிரேக் சூடேறும்போது அந்த வித்தியாசம் உங்கள் காலுக்குத் தெரியும்.

இதோடு சேர்த்து ஒரு எச்சரிக்கை. கசிகிற நிப்பிள் ஓட்டையை எபாக்சி பசையால் அடைப்பது, அந்தச் சக்கரத்தின் ஹோஸை மடக்கிக் கட்டிவிட்டு மூன்று சக்கரப் பிரேக்கில் ஓட்டுவது, இரண்டையும் செய்யாதீர்கள். பசை அந்த அழுத்தத்தைத் தாங்காது. ஒரு முன்சக்கரம் மட்டும் பிடிக்காத வண்டி, ஓங்கி மிதித்தால் எதிர்ப்பக்கம் இழுக்கும். மலைப்பாதையில் எதிர்ப்பக்கம் என்பது சில நேரம் பள்ளம்.

## வழி 2: எண்ணெய், சூடு, பொறுமை

தலை முழுதாகவோ பாதியாகவோ வெளியே நீட்டிக்கொண்டிருந்தால், அல்லது இன்னும் ஒடியவில்லை, முனைகள் மட்டும் மழுங்கிவிட்டன என்றால், இதுதான் முதல் வழி. சீட்டுக்கு எந்தச் சேதமும் இல்லை. தோற்றாலும் மற்ற எல்லா வழிகளும் அப்படியே இருக்கும்.

கம்பி பிரஷால் சுற்றிலும் சுத்தம் செய்து, துரு இளக்கும் எண்ணெயை இரண்டு நாள் காலை மாலை விடுங்கள். கூம்பு மூடியிருக்கும் வரை அது உள்ளே போகாது. நிப்பிள் திறந்த பிறகு முதலில் வரும் ஆயிலைத் தாராளமாக வெளியேற்றிவிட வேண்டும், ஏனென்றால் பெட்ரோலிய எண்ணெய் பட்டால் பிரேக் ரப்பர்கள் ஊதிவிடும்.

ஸ்பானர் விஷயத்தில்தான் பாதிப் பேர் தோற்கிறார்கள். பன்னிரண்டு பல் ரிங் ஸ்பானர் முனைகளை மட்டும் பிடிக்கும். துருப்பிடித்த நிப்பிளை அது உருட்டிவிடும். ஆறு பக்கச் சாக்கெட் தட்டையான பக்கங்களைப் பிடிக்கும். அதை மாட்டி, தலையின் மேல் சின்னச் சுத்தியலால் நாலு தட்டு. பிறகு முதலில் இறுக்கும் பக்கம் ஒரு மயிரிழை, அப்புறம் தளர்த்தும் பக்கம். கை சொல்வதைக் கேளுங்கள். மரை விடும்போது "டக்" என்று ஒரு சின்ன அதிர்வு வரும். அதற்குப் பதிலாக ரப்பரைத் திருகுவதுபோல் குழைவாகத் திரும்பினால் நிப்பிள் முறுகுகிறது என்று அர்த்தம். அங்கே நிறுத்திவிடுங்கள். இன்னும் கால் சுற்று போனால் ஒடியும்.

அங்கே நிறுத்தியவர்களுக்கு ஒரு தந்திரம் உண்டு. நிப்பிள் துளைக்குள் சரியாக அடங்கும் டிரில் பிட்டின் தண்டுப் பகுதியைச் செருகிவிட்டால் சுவர் உள்ளே நசுங்காது. பிறகு காலிப்பர் உடலை, நிப்பிளைச் சுற்றி, கேஸ் டார்ச்சின் நெருப்பால் சூடாக்குங்கள். சிவக்கும் அளவுக்குப் போக வேண்டாம். சூடான மரையில் மெழுகுவர்த்தியைத் தொட்டால் மெழுகு உருகி உள்ளே இழுபடும். அதன்பின் முன்னும் பின்னுமாக அசைத்து எடுக்கலாம்.

மறைந்திருக்கும் செலவு சூட்டில்தான் இருக்கிறது. நன்றாகச் சூடாக்கினால் பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரப்பர் சீலை மாற்றியே ஆக வேண்டும். பிரேக் ஆயில் தீப்பிடிக்கும் பொருள் என்பதால் முதலில் வடித்துவிட வேண்டும். குளோரின் கலந்த பிரேக் க்ளீனர் அடித்த இடத்தில் நெருப்பே காட்டக்கூடாது. பாஸ்ஜீன் என்ற நச்சு வாயு வரும். பட்டறைகளில் இதைப் பலர் அறியாமல் செய்கிறார்கள். நீங்களாவது கேனில் எழுதியிருப்பதைப் படித்துச் சொல்லுங்கள்.

## வழி 3: நட் வைத்து வெல்டிங்

காலிப்பரின் மட்டத்துக்கே ஒடிந்துவிட்ட நிப்பிளுக்கு நான் முதலில் யோசிப்பது இதைத்தான். என் ஜிப்ஸி ஜீப்பின் இடது முன் காலிப்பரில் இதைத்தான் செய்தேன்.

அன்றைக்கு ஒடிந்த முகத்தை டார்ச் அடித்துப் பார்த்தபோது, வட்டத்தில் முக்கால் பங்கு பழைய துரு நிறம், கால் பங்கு மட்டும் பளிச்சென்ற பிறை. அதாவது நிப்பிள் முன்பே விரிசல் விட்டிருந்தது. நான் கடைசிக் கால் பங்கைத்தான் ஒடித்தேன். வழக்கமாகப் போகும் மெக்கானிக் டிரில்லை எடுத்தார். நான் வேண்டாம் என்று சொல்லி, காலிப்பரைக் கழற்றி, கடலூர் ஓ.டி. (பழைய நகரம்) துறைமுகப் பக்கம் படகு எஞ்சின் வேலை பார்க்கும் வெல்டிங் பட்டறைக்கு எடுத்துப் போனேன். உப்பில் ஊறி ஒடிந்த ஸ்டட்டுகளை எடுப்பது அவர்களுக்கு அன்றாட வேலை. எந்த கார் பட்டறையையும்விட அந்தக் கை பழகிய கை.

அங்கே இருந்த பெரியவர் முதலில் கேட்டது, "உள்ள ரப்பர் எடுத்தாச்சா தம்பி?" எடுத்திருந்தேன். ஒடிந்த துண்டின் மேல் பொட்டுப் பொட்டாக உலோகத்தை ஏற்றினார். ஒரு வாஷரை வைத்து அதோடு சேர்த்தார். வாஷரின் மேல் நட்டை வைத்து மறுபடியும் ஒட்டினார். நட்டின் துத்தநாகப் பூச்சை முன்பே கிரைண்டரில் எடுத்துவிட்டார், அந்தப் புகை உடம்புக்கு ஆகாது என்று. முதல் முறை நட் தனியாக வந்தது. இரண்டாம் முறையும் வந்தது. மூன்றாம் முறை சிவப்பு அடங்கும் வரை காத்திருந்து, ஸ்பானரை வைத்து அரைக்கால் சுற்று இங்கே, அரைக்கால் சுற்று அங்கே என்று அசைத்தார். ஏழெட்டு அசைவில் சத்தமே இல்லாமல் திரும்பியது. எடுத்துப் பார்த்தால் மரையெல்லாம் பழுப்புத் தூள், ஆனால் கூம்பு முனை மட்டும் வெள்ளி மாதிரி.

இந்த வழி வேலை செய்வதற்கு இரண்டு காரணங்கள். வெல்டிங் சூடு நேராக நிப்பிளுக்குள் போகிறது. அது விரிந்து, ஆறும்போது சுருங்கி, துருவின் பிடியை உடைக்கிறது. அதோடு வார்ப்பிரும்புக் காலிப்பரில் வெல்டிங் உலோகம் நன்றாக ஒட்டாது, எஃகு நிப்பிளில் ஒட்டும். அலுமினியக் காலிப்பர் என்றால் கதை வேறு. அது சூட்டில் சீக்கிரம் இளகிவிடும், அதற்கென்று பழகியவரிடம் மட்டும் கொடுங்கள்.

வண்டியில் வைத்தே செய்யச் சொல்லும் பட்டறைகள் உண்டு. ஒத்துக்கொள்ளாதீர்கள். வெல்டிங் மெஷினின் எர்த் கவ்வியைத் தவறான இடத்தில் மாட்டினால் மின்சாரம் வீல் பேரிங் வழியாகப் போய் பேரிங்கைக் கெடுக்கும். பக்கத்தில் ரப்பர் ஹோஸ், ஏபிஎஸ் (சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) சென்சார் எல்லாம் இருக்கின்றன. கழற்றிக் கொண்டுபோவதற்கு ஆகும் அரை நாளைத்தான் இந்த வழியின் உண்மையான செலவு என்று கணக்கில் வையுங்கள். அதோடு சீல் கிட். எனக்கு அது கடலூரில் கிடைக்கவில்லை, புதுச்சேரியிலிருந்து வர ஒரு நாள் ஆனது. வெல்டிங் கூலியைவிட அந்த ஒரு நாள்தான் எனக்குக் கனமாக இருந்தது.

## வழி 4: டிரில்லும் ஈஸி அவுட்டும்

மெக்கானிக்குகள் முதலில் கை வைப்பது இதில்தான். நிப்பிளில் ஏற்கெனவே துளை இருக்கிறது, நடுமையம் தானாகக் கிடைக்கிறது என்பது அவர்கள் வாதம். அது சரிதான். ஆனால் அந்தத் துளை முனை வரை நேராகப் போவதில்லை. சீட்டுக்குச் சற்று மேலே குறுக்குத் துளையாகத் திரும்பிவிடும். டிரில் பிட் அந்த இடத்தைத் தாண்டி இரண்டு மில்லிமீட்டர் அதிகம் போனால் கூம்பையும் சீட்டையும் சேர்த்துத் துளைத்துவிடும். ஹேண்ட் டிரில்லைத் தரையில் படுத்துக்கொண்டு பிடிப்பவர் கைக்கு அந்த இரண்டு மில்லிமீட்டர் தெரியாது.

ஒடிந்த துண்டுக்குள் செருகித் திருகி எடுக்கும் ஈஸி அவுட்டிலும் ஆபத்து இருக்கிறது. கூம்பு வடிவச் சுருள் ஈஸி அவுட்டை மெல்லிய சுவருள்ள துண்டுக்குள் அடிக்கும்போது, அது நிப்பிளை வெளிப்பக்கமாக விரிக்கிறது. ஏற்கெனவே இறுகிய மரை இன்னும் இறுகும். ஈஸி அவுட் கடினமான எஃகு. உள்ளே ஒடிந்தால் சாதாரணப் பிட் அதைத் தொடக்கூட முடியாது. அதன்பின் அந்தக் காலிப்பர் பழைய இரும்புக் கடைக்குத்தான்.

செய்தே ஆக வேண்டும் என்றால், காலிப்பரைக் கழற்றி டிரில் பிரஸ்ஸில் வையுங்கள். ஆழத்தைப் புது நிப்பிளை அளந்து பிட்டில் டேப் ஒட்டிக் குறித்துக்கொள்ளுங்கள். இடது சுற்று டிரில் பிட் கிடைத்தால் அதைப் பயன்படுத்துங்கள். தளர்த்தும் திசையிலேயே சுற்றுவதால், பல நேரம் துளைக்கும்போதே துண்டு வெளியே வந்துவிடும். நம் ஊர் ஹார்ட்வேர் கடைகளில் அது சுலபமாகக் கிடைக்காது, முன்பே வரவழைத்து வைக்க வேண்டும். ஈஸி அவுட் போட்டாலும் நேர்ப்பள்ளம் உள்ள வகையைப் போடுங்கள். அது அவ்வளவாக விரிக்காது.

வெல்டிங் வைக்க வழியில்லாத அளவுக்கு ஆழத்தில் ஒடிந்திருந்தால் இது பொருந்தும். மற்றபடி நான் இதைப் பின்னால்தான் வைப்பேன்.

## வழி 5: துளையைப் பெரிதாக்கிப் புது மரை

நிப்பிள் வந்துவிட்டது, ஆனால் மரை போய்விட்டது என்றால் லேத் பட்டறையில் அடுத்த அளவு மரை வெட்டிப் பெரிய நிப்பிள் மாட்டலாம். இல்லையென்றால் தனக்கென்று சீட் உள்ள புஷ் (துளைக்குள் இறுக்கும் குழாய்த் துண்டு) பொருத்தலாம். புதுச்சேரி தட்டாஞ்சாவடி, மேட்டுப்பாளையம் பக்கம் இப்படிப்பட்ட துல்லிய வேலை செய்யும் லேத்துகள் உண்டு.

உலோகச் சுவர் தடிமனாக உள்ள காலிப்பருக்கு மட்டுமே இது சரி. கம்பிச் சுருள் போட்டு மரையைப் புதுப்பிக்கும் முறை மரையைத்தான் மீட்கும், சீட்டை மீட்காது. சீட் நன்றாக இருந்தால்தான் அதற்குப் பொருள் உண்டு. இனி உற்பத்தியிலேயே இல்லாத பழைய ஜீப் காலிப்பர் என்றால் யோசியுங்கள். கடையில் புதுசு கிடைக்கும் பாகத்துக்கு இவ்வளவு பாடு தேவையில்லை.

## வழி 6: பாகத்தையே மாற்றுவது

இங்கே காலிப்பரையும் வீல் சிலிண்டரையும் பிரித்துப் பார்க்க வேண்டும்.

வீல் சிலிண்டரில் நிப்பிள் ஒடிந்தால் நான் யோசிக்கவே மாட்டேன், சிலிண்டரை மாற்றிவிடுவேன். ஜிப்ஸி, தார், பழைய ஜீப் எதுவானாலும் பின்பக்க டிரம் சிலிண்டர் விலை அதிகமில்லை. சின்ன உடல், மெல்லிய சுவர். அதில் வெல்டிங்கும் டிரில்லும் பார்ப்பது கூலிக்குக்கூடக் கட்டாது. வெளியே நிப்பிள் அந்த நிலையில் இருந்தால் உள்ளே பிஸ்டன் ஓடும் குழாயிலும் பெரும்பாலும் துருப்புள்ளி இருக்கும்.

ஆனால் ஒரு கண்ணி இருக்கிறது. சிலிண்டரைக் கழற்ற இரும்புப் பிரேக் பைப்பின் நட்டைத் திறக்க வேண்டும். நிப்பிளை இறுக்கிய அதே துரு அங்கேயும் உட்கார்ந்திருக்கும். பண்ருட்டியில் முந்திரித் தோப்புக்கு ஓடும் நண்பரின் ஜீப்பில், சாதா ஓப்பன் ஸ்பானரைப் போட்டு நட்டைத் திருப்பினோம். நட்டோடு சேர்ந்து பைப்பும் ஈரத்துணி பிழிவதுபோல் முறுகிவிட்டது. அரை மணி நேர வேலை, புதுப் பைப் வளைத்து முனை விரித்துப் போடும் ஒரு நாள் வேலையானது. பைப் நட்டுக்கென்றே வரும், ஒருபக்கம் வாய் திறந்த ரிங் ஸ்பானர் ஒன்றை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். நட்டுக்கும் இரண்டு நாள் எண்ணெய் விடுங்கள். மாற்றும்போது இரண்டு பக்கச் சிலிண்டரையும் மாற்றுங்கள்.

காலிப்பரின் விலை அதிகம். புதுசு போட்டால் சீட், சீல், மரை எல்லாம் புதுசு, அதில் சந்தேகமே இல்லை. பிஸ்டனும் துருவேறி ஒட்ட ஆரம்பித்திருந்தால், பழைய காலிப்பரில் நிப்பிளை மட்டும் மீட்பது பணத்தை இரண்டு முறை செலவழிப்பதுதான். பிஸ்டன் உள்ளே சுலபமாகப் போகிறதா என்று முதலில் பாருங்கள். போகவில்லை என்றால் மற்ற ஐந்து வழிகளையும் மறந்துவிடலாம்.

சென்னை புதுப்பேட்டையில் பழைய காலிப்பர் வாங்குகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இடது, வலது காலிப்பர்கள் கண்ணாடியில் பார்ப்பதுபோல் மாறியிருக்கும். பல வண்டிகளில் மாற்றி மாட்டினாலும் அப்படியே உட்கார்ந்துவிடும். ஆனால் நிப்பிள் கீழே போய்விடும். எத்தனை லிட்டர் ஆயில் விட்டாலும் பெடல் பஞ்சு மாதிரியே இருக்கும். கடையிலேயே அதன் நிப்பிளைத் திறந்து மூடிக் காட்டச் சொல்லுங்கள். திறக்கவில்லை என்றால் அதுவும் உங்கள் பழைய காலிப்பரும் ஒன்றுதான்.

## ஒரு பார்வையில்

| வழி | சீட் தப்புமா | வண்டியில் வைத்தே? | மறைந்த செலவு | எப்போது சரி |
|---|---|---|---|---|
| வேறு இடத்தில் ஏர் எடுப்பது | தொடுவதே இல்லை | ஆம் | செப்பு வாஷர், மிச்சக் காற்று, பழைய ஆயில் | கசிவில்லாமல் நடுவழியில் நிற்கும்போது |
| எண்ணெய், சூடு | தப்பும் | எண்ணெய் ஆம், சூடு வேண்டாம் | இரண்டு நாள், சீல் | தலை மிச்சமிருந்தால் |
| நட் வெல்டிங் | பெரும்பாலும் தப்பும் | கூடாது | கழற்றும் நேரம், சீல் கிட் | மட்டத்தில் ஒடிந்த வார்ப்பிரும்புக் காலிப்பர் |
| டிரில், ஈஸி அவுட் | கையைப் பொறுத்தது | கூடாது | தோற்றால் காலிப்பரே போகும் | ஆழத்தில் ஒடிந்தால் |
| பெரிய மரை, புஷ் | புஷ்ஷில் புது சீட், மற்றதில் பழையதே | கூடாது | லேத் கூலி, சோதிக்கும் நேரம் | கிடைக்காத பழைய காலிப்பர் |
| பாகத்தை மாற்றுவது | புதுசு | ஆம் | பைப் நட், இரண்டு பக்கமும் | வீல் சிலிண்டர். பிஸ்டன் ஒட்டிய காலிப்பர் |

## அந்த மூவருக்கும் நான் சொன்னது

வீல் சிலிண்டர் ஒடிந்த இருவரிடமும் "கடைக்குப் போய் ஜோடியாக வாங்குங்கள், பைப் நட்டில் இன்றைக்கே எண்ணெய் விடுங்கள்" என்றேன். காலிப்பர்காரருக்கு மட்டத்தில் ஒடிந்திருந்தது, பிஸ்டன் நன்றாக ஓடியது. அவரை ஓ.டி. பட்டறைக்கு அனுப்பினேன். அவரிடம் இன்னொன்றும் சொன்னேன்: இரண்டு முறை முயன்றும் வரவில்லை என்றால் டிரில்லுக்குப் போகாதீர்கள், நேராகப் புதுக் காலிப்பர். வாரம் ஒரு முறை குடும்பத்தோடு மலையேறுகிற வண்டி அது. சீட்டில் ஒரு சந்தேகத்தை வைத்துக்கொண்டு பிள்ளைகளைப் பின்சீட்டில் உட்காரவைக்க எனக்கு மனம் வராது.

## எந்த வழியானாலும் கடைசி வேலை

துண்டு வெளியே வந்ததும் சீட்டை டார்ச் அடித்துப் பாருங்கள். முழு வட்டமாகப் பளபளக்கும் ஒரு மெல்லிய வளையம் தெரிய வேண்டும். எங்காவது அறுந்து தெரிந்தாலோ துருக்குழி இருந்தாலோ அந்தப் பாகம் வேண்டாம். மரையில் இருக்கும் தூளை உள்ளே தள்ளாமல், பிரேக் ஆயிலாலேயே கழுவி வெளியே எடுங்கள்.

புது நிப்பிள் நூறு ரூபாய்க்குள் வந்துவிடும் சாமான். நான்கையும் மாற்றிவிடுங்கள். பழைய நிப்பிளின் நீளம், மரை, கூம்பு மூன்றையும் புதுசோடு பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். மரையின் மேல்பாதியில் மட்டும், துரு பிடிக்காமல் தடுக்கும் செப்பு கிரீஸை ஈர்க்குச்சி நுனியால் தொட்டு வையுங்கள், கூம்பில் படக்கூடாது. சின்ன நிப்பிள்களுக்குப் பெரும்பாலும் 8 முதல் 10 நியூட்டன் மீட்டர் இறுக்கம் போதும். இறுக்கத்தை அளக்கும் டார்க் ஸ்பானர் இல்லையென்றால் குட்டை ஸ்பானரை இரண்டு விரலால் இழுக்கும் அளவு. அதற்குமேல் போனால் அடுத்த தைக்கு மறுபடியும் இதே கதை.

ஏர் எடுக்கும்போது பெடலுக்குக் கீழே ஒரு மரக்கட்டையை வையுங்கள். பெடலை மிதிக்கும்போது ஆயிலைத் தள்ளுவது மாஸ்டர் சிலிண்டர். அது பழையதாக இருந்து பெடலைத் தரைவரை மிதித்தால், வழக்கமாகப் போகாத துருப்பிடித்த இடத்தில் ரப்பர் ஓடிக் கிழியும். நிப்பிள் சரிசெய்த மறுநாளே மாஸ்டர் சிலிண்டர் போன வண்டிகளில் நடப்பது பெரும்பாலும் இதுதான். ஆயில் டப்பாவையும் காலியாக விடாதீர்கள். ஏபிஎஸ் உள்ள வண்டியில் காலி டப்பா வழியாகக் காற்று உள்ளே போனால், எடுப்பதற்குப் பல வண்டிகளில் வண்டியின் கம்ப்யூட்டரோடு இணைக்கும் ஸ்கேனர் தேவைப்படும்.

எல்லாம் முடிந்த பிறகு ரப்பர் மூடி. கடையில் நிப்பிள் வாங்கும்போதே கேட்டு வாங்குங்கள். தனியாகக் கேட்டால்தான் கொடுப்பார்கள். நான் கூடுதலாக நான்கை வாங்கி டேஷ்போர்டு அறையில் ஒரு சின்ன டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன். ஒவ்வொரு முறை சேற்றிலிருந்து திரும்பி வண்டியைக் கழுவும்போதும், நான்கு சக்கரத்துக்குப் பின்னாலும் விரலை விட்டுத் தடவிப் பார்ப்பேன். காணாமல் போன மூடியை அங்கேயே போட்டுவிடுவேன்.